வரி வேண்டாம் அணி

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாஷிங் மெஷின் மறுபடி குலுங்குகிறது. அடியில் அட்டை மடித்து வைத்தேன். அப்படியும் குலுங்குகிறது. குலுங்கட்டும்.

பதினொரு மணிக்குக் கோயில் செயலாளர் குணா. கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். இழவு வீட்டுக்கு வந்தவன் போல. என் வீட்டுக்காரர் போய் ஐந்து மாதம் ஆகிறது. யாராவது குணாவுக்குச் சொன்னால் தேவலை.

"அக்கா, திருவிழா பட்டிமன்றம் லா. மே ரெண்டாந்தேதி, சனிக்கிழமை. நீங்க வரணும்."

தலைப்பு: வருமான வரி நாட்டுக்குத் தேவையா, தேவையில்லையா? ஏப்ரல் முழுக்க ஊரே வரிக் கணக்கு அனுப்பிவிட்டுப் புலம்புகிறது, அதனால் சூடாக இருக்குமாம். "தேவை" அணிக்குத் தலைவர் ஜமால் அண்ணே. "வேண்டாம்" அணிக்குத் தலைவி நான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஈப்போவில் இரும்புச் சாமான் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி. மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஜமால் அண்ணே சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இன்வாய்ஸை எல்லாம் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அரசாங்கத்தைத் திட்டாமல் ஒரு ரொட்டி சானாய் வீசியதில்லை. அவர் ஆதரிக்கணுமாம், நான் எதிர்க்கணுமாம்.

"மாத்திப் போட்டுட்டியே குணா."

"இல்லக்கா, யோசிச்சுத்தான் போட்டோம். வேலு அண்ணே இந்த வரியப் பத்தி எப்படிப் பேசுவாருன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பக்கம் நீங்க உக்காந்தா அண்ணனே வந்து பேசற மாதிரி இருக்கும்லா. கமிட்டியில எல்லாரும் சொன்னாங்க."

மரியாதை செய்கிறார்களாம். நானும் என் வீட்டுக்காரர் தங்கவேலுவும் ஒரு நாள் கூட ஒரே அணியில் உட்கார்ந்தது கிடையாது. எங்களை அதற்காகத்தான் கூப்பிடுவார்கள். தைப்பிங், பாரிட் புந்தார், எங்கே போனாலும் புருஷன் பெண்டாட்டி மேடையில் முட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். இப்போது என்னை அவர் பக்கம் உட்கார வைத்தால் எதிரில் யார்? இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வருஷம் திரும்பும் வரை நான் கோயிலுக்குள் போகக்கூடாது. அதற்கும் வழி செய்துவிட்டார்கள். மேடை கோயில் வளாகத்தில் இல்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பந்து விளையாடுகிற திடலில்.

சரி என்று சொல்லிவிட்டேன். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. நமக்கு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது. சீனி அதிகம். பாதி குடித்தேன்.

கோலாலம்பூரிலிருந்து மகள் கவிதாவின் போன்.

"ஹாலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப் போறேன்" என்றேன்.

"சரிம்மா."

"வீட்டை வித்துட்டு ஈப்போவுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

"உங்க இஷ்டம்மா."

"இல்லாட்டி ஒரு குதிரை வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"ம்… என்னம்மா? சரிம்மா, உங்களுக்குச் சந்தோசம்னா வாங்குங்க."

பாவம் பிள்ளை. ஐந்து மாதமாக எல்லோரும் இப்படித்தான். ஆபீசில் சீன முதலாளிகூட நான் எதைச் சொன்னாலும் ஓகே ஓகே. விலைப் பட்டியலில் ஒரு பூஜ்யம் தப்பாகப் போட்டேன், அதற்கும் ஓகே. முன்பு காபியில் சீனி குறைந்தால் இவர் கால்மணி நேரம் வாதாடுவார், நான் அரைமணி நேரம் பதில் சொல்வேன். இப்போது என் காது எதிர்ப்பேச்சே கேட்காமல் பஞ்சு அடைத்தது மாதிரி இருக்கிறது.

எனக்கு இந்தப் பட்டிமன்றத்தில் (இனி ப.ம., கை வலிக்கிறது) வேண்டியது ஒன்றுதான். யாராவது ஒருத்தர் எழுந்து, நீ சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சத்தமாக. அது போதும்.

ஏப்ரல் 16, வியாழன்

வெயில். ஆபீஸ் ஏர்கோன் ரிப்பேர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிக் கணக்கு அனுப்பினேன். வருஷா வருஷம் செய்வதுதான். திருமண நிலை என்ற இடத்தில் வழக்கமான கட்டத்தில் போய் நின்றது விரல். அதற்குக் கீழே 'பாலு'. மலாயில் விதவை. தட்டினேன். அடுத்த பக்கம் வந்தது.

பிறகு மீ ஹூன் சாப்பிட்டேன். காரம் போதவில்லை.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பல்ப், கடுகு.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜமால் அண்ணே கடைக்குப் பசியாறப் போனேன். என் வீட்டுக்காரருடைய நாற்பது வருஷச் சிநேகிதர். மணல் லோரி ஓட்டிய காலத்தில் இவருக்கு விடியற்காலை முதல் டீ அங்கேதான், நுரை தளும்பும் தே தாரிக்.

கூட்டம் குறைந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார். தோளில் துண்டு. முகத்தில் கவலை.

"தங்கச்சி, எனக்கு ஒரு பாயிண்டும் வரல லா. வரி வேணும்னு நான் எப்படிப் பேசறது? எழுந்தா 'இவன் ரொட்டி விலைய ஏத்திட்டு வரிக்கு வக்காலத்து வாங்குறான்'னு சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணே. அதுக்குத்தானே கூப்பிடறாங்க."

"நீயும் வேணாம்னு பேசற ஆளா? உன் பாயிண்ட எனக்குக் குடேன்."

கொடுத்தேன். பில் எழுதுகிற தாளின் பின்பக்கம் அவரே குறித்துக்கொண்டார். சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விடுங்கள் என்றேன். நம் ஆட்களுக்குப் புரிகிற ஒன்று சொல்லுங்கள். தோட்டத்தில் சம்பள நாளன்று கிராணி கோயில் பணம் என்று ஆள் ஆளுக்குப் பிடிப்பார். கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கும் திட்டியவர்கள் உண்டு. தோட்டம் விற்றாயிற்று, லயத்து வீடுகளை இடித்தாயிற்று, ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தாயிற்று. அந்தப் பிடித்தத்தில் கட்டிய கோயில் மட்டும்தான் நிற்கிறது. அதன் திருவிழாவில்தான் நாம் பேசப்போகிறோம். இதைப் போடுங்கள், கூட்டம் விழும் என்றேன்.

வாயைப் பிளந்தார். "இத வச்சு உன்னையே அடிக்கவா?"

"அடிங்க. நான் மேடையில எப்படி இவரை வெட்டுவேன், பார்த்திருக்கீங்கள்ல? அதே மாதிரி என்னை வெட்டணும். பாவம் பார்க்கக் கூடாது. சொல்லுங்க."

"சரி லா."

"சரின்னு சொல்லாதீங்க, செய்யுங்க."

"செய்யறேன் தங்கச்சி. சத்தியமா."

ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். வம்பு பண்ணிக் காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் கடுகு வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மழை. பின்பக்க ஓடு ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று.

சமைத்துக்கொண்டே ப.ம. பேசிப் பார்த்தேன். இந்தத் தலைப்பை நாங்கள் மேடையில் பேசியதே இல்லை. வீட்டில் பேசாத மாதம் இல்லை. என் சம்பளச் சீட்டைக் கண்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். இவர் ஆயுசில் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்ததில்லை. கட்டாத மனிதர் எதிர்ப்பார். கட்டுகிற நான் ஆதரிப்பேன். முப்பது வருஷம்.

இவர் சொன்னவை, ஞாபகம் வந்த வரைக்கும்:

சம்பளக்காரன் கையில் காசு வருவதற்கு முன்பே பிடிக்கிறார்கள். பெரிய முதலாளி டவுக்கேக்குக் கணக்கைச் சரிக்கட்ட மூணு ஆள். அவனைப் பிடிக்கப் போனால் அவன் கார் முன்னால் போகும், ஆபீசர் மோட்டார் பின்னால் போகும்.

டயருக்கு வரி, எண்ணெய்க்கு வரி, செருப்புக்கு வரி. கறந்த மாட்டையே இன்னொரு தடவை கறக்க வருமான வரி.

"ஒழுங்கா இருக்கறவன் மட்டும்தான் மாட்டுவான். உன்னை மாதிரி." இதைச் சொல்லும்போது விரலால் என் நெற்றியைத் தொடுவார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் தராசு பற்றி. கித்தா மரத்து ரப்பர் பால் நிறுக்கும்போது ஏதோ. முழுதாக வரவில்லை.

சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் வருகிறது. நிறுத்துகிற இடம்கூட அவர் நிறுத்துகிற இடம். ஒவ்வொன்றையும் சொன்ன உடனே அதற்கு என்னுடைய பதில் தானாக நாக்கு நுனிக்கு வருகிறது. விழுங்கிக்கொள்கிறேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

வருத்தம் என்று ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று தெரியும். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டபின் டாக்டர் தட்டிப் பார்ப்பாரே, அப்படி.

ஏப்ரல் 28, செவ்வாய்

குணா போனில். சுற்றி வளைத்தான். ஒலிபெருக்கி, நாற்காலி, யார் யாருக்கு எத்தனை நிமிடம். கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, பேச்சாளருக்கு மாலை போடற வழக்கம். உங்களுக்கு… பெரியவங்க சில பேரு… சால்வை மட்டும் போட்டுட்டா பரவாயில்லையா? தப்பா எடுத்துக்காதீங்க லா."

"சம்பங்கி எனக்கு ஒத்துக்காது குணா. தலைவலி."

"அப்ப நல்லதாப் போச்சுக்கா!" எவ்வளவு நிம்மதி அவன் குரலில்.

எனக்குச் சம்பங்கி பிடிக்கும். ஏன் அவனுக்குச் சுலபமாக்கிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. முன்பானால் இதற்கு ஒரு தனி ப.ம. நடத்தியிருப்பேன்.

மே 1, வெள்ளி

தொழிலாளர் தினம், லீவு. சித்ரா பௌர்ணமி. கோயில் மேளம் எங்கள் தாமான் வீடுகள் வரை கேட்டது. கதவைச் சாத்தவும் இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை.

சேலை: சாம்பல் நிறம், கரை நீலம். இஸ்திரி போட்டாயிற்று. கவிதா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சரிம்மா என்றாள்.

நாளை என்ன ஆனாலும் ஜமால் அண்ணே என்னை வெட்ட வேண்டும்.

மே 3, ஞாயிறு

காலை. வெயில் வருவதற்குள் எழுதிவிட வேண்டும், பிறகு எழுத மாட்டேன்.

நேற்று சாயந்திரம் ஆறு மணிக்கே திடல் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் மோட்டார் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பலர். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், அந்த மெதுவான ஆட்டு. நடுவர் மாணிக்கம் ஐயா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என்னோடு காப்புறுதி ஏஜெண்ட் நாதன். ஜமால் அண்ணேயோடு ஒரு கல்லூரிப் பெண். மூன்று பேருக்கும் நடுவருக்கும் மாலை. எனக்குச் சால்வை.

சின்னவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். பிறகு நான். இவர் ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பித்தேன். "நடுவர் அவர்களே, பயப்படாதீங்க, உங்க பென்சன்ல கை வைக்க மாட்டேன்." சிரிப்பு. டவுக்கே கார், ஆபீசர் மோட்டார்: பெரிய சிரிப்பு. கறந்த மாடு: ஒரு கிழவர் எழுந்து நின்று கை தட்டினார். "அப்படியே வேலுலா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சொல்லிவிட்டு அழுதது. நான் பேசிக்கொண்டே போனேன். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கைதட்டல். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன்.

பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்து ஜமால் அண்ணே. அவர் சட்டைப் பையில் அந்தத் தாள் தெரிந்தது.

எழுந்தார். மைக்கைப் பிடித்தார். என்னைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"நடுவர் அவர்களே. தங்கச்சி பேசினதுல நான் மறுத்துச் சொல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் சரி."

அப்புறம் இவரைப் பற்றிப் பேசினார். மணல் லோரி, விடியற்காலை தே தாரிக், வெள்ளத்தில் கடைச் சாமானை எல்லாம் இவர் லோரியில் ஏற்றிக் காப்பாற்றியது. எல்லாம் உண்மை. வரி என்ற வார்த்தையே வரவில்லை. தாள் பையிலேயே இருந்தது. கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். நடுவர் கண்ணாடியைத் துடைத்தார். நாதன் என் கையைத் தட்டிக் கொடுத்தான்.

எழுதாத தாளும் திறந்த பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவர்: "அடுத்தது மறுப்புச் சுற்று. ஆனா இன்னிக்கி மறுக்கறதுக்கு யாருக்கும் மனசு வராது. நேரா தீர்ப்புக்குப் போயிடலாமா?"

எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை.

"ஐயா, மறுப்புச் சுற்று வேணும்."

"நீங்க பேசினதுக்கு மறுப்பே இல்லையேம்மா. நீங்க யாரை மறுக்கப் போறீங்க?"

"வேண்டாம் அணித் தலைவரை."

"அது நீங்கதானேம்மா!"

"அந்தப் பக்கம் பேச ஆள் இல்ல ஐயா. நான் பேசறேன். ரெண்டு நிமிஷம்."

ஜமால் அண்ணே பக்கத்து மைக்குக்கு நடந்து போனேன். குணா மேடைக்குக் கீழே கையை ஆட்டி ஏதோ சொன்னான். பார்க்கவில்லை. எங்கள் நாற்காலி வரிசையைப் பார்த்தபடி நின்றேன், எப்போதும் நிற்பது போல.

பேசியது இதுதான், மறக்கும் முன் எழுதுகிறேன்:

"வேண்டாம் அணித் தலைவருக்கு ஒரு கேள்வி. முப்பது வருசமா எங்கிட்ட வரி வேண்டாம், வரி வேண்டாம்னு பேசினீங்க. கறந்த மாடுன்னு சொன்னீங்க. சரி. போன வருசம் நவம்பர் மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில படுத்தீங்களே, அந்தக் கட்டில் யார் காசு? மூக்குல வச்ச காத்து யார் காசு? உங்களுக்குத் துடைச்சு விட்ட நர்ஸ் பிள்ளைக்குச் சம்பளம் யார் குடுத்தா? முடிஞ்சப்புறம் கவுண்டர்ல பில் குடுத்தாங்க. குடும்பத்தோட ஜமால் அண்ணே கடையில பசியாறுற காசு. அவ்வளவுதான். நான் ரெண்டு தடவை கேட்டேன், இவ்வளவுதானாம்மான்னு. மிச்சத்த யாரு கட்டினா? நான் கட்டினேன். இங்க உக்காந்திருக்கிற சம்பளக்காரங்க கட்டினாங்க. பேரு தெரியாதவங்க எல்லாம் கட்டினாங்க. ஒழுங்கா இருக்கறவன் மட்டும்தான் மாட்டுவான்னீங்க. ஆமா. மாட்டினவன் போட்ட கட்டில்லதான் நீங்க படுத்தீங்க. வாங்க. எந்திரிச்சு வந்து பதில் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நின்றேன். எப்போதும் இந்த இடத்தில் அவர் நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். கூட்டம் அதற்கே சிரிக்கும்.

என் நாற்காலியில் சால்வை கிடந்தது. பக்கத்தில் நாதன், வாய் திறந்தபடி.

யாரும் கை தட்டவில்லை. கல்லூரிப் பெண் வந்து என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தீர்ப்பு: வரி தேவை, ஆனால் ஏழைகளை வருத்தாத வரி தேவை. எல்லா நடுவரும் இப்படித்தான், யார் மனமும் நோகாமல்.

கீழே இறங்கியதும் ஜமால் அண்ணே. மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் சிவந்து.

"இத்தனை சனத்துக்கு முன்னாடி என்னை ஒண்ணுமில்லாத ஆளாக்கிட்டியே தங்கச்சி."

"வெட்டுங்கன்னு சொன்னேன்ல அண்ணே."

"உன்னை எப்படிம்மா வெட்டறது? கல்லு மனசா எனக்கு?"

அவர் நல்லவர். எல்லோரும் நல்லவர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் "பரவாயில்ல லா, பரவாயில்ல" என்றார் உடனே. அதோடு அதுவும் முடிந்தது.

வெயில் வந்துவிட்டது. துணி காயப்போட வேண்டும்.

மே 4, திங்கள்

ஆறரைக்குக் கிளம்பினேன். ஈப்போ சாலையில் லோரிகள். பனி.

ஓட்டிக்கொண்டே இவருடைய பதிலைத் தேடினேன். இத்தனை வருஷத்தில் இவர் என்ன சொல்லப்போகிறார் என்பது வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்ததால்தான் வெட்ட முடிந்தது. டவுக்கே, மாடு, நெற்றியில் விரல், எல்லாம் என்னிடமே இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கட்டில் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பார்? ஒன்று போட்டுப் பார்த்தேன். அது அவர் பேச்சில்லை, என்னுடையது. இன்னொன்று. அதுவும் என்னுடையது. ஏதோ ஒன்று சொல்லியிருப்பார். நிச்சயம் சொல்லியிருப்பார். நான் நினைத்தே பார்க்காத ஒன்றை. கூட்டம் விழுந்து சிரித்திருக்கும், நான் தோற்றிருப்பேன். அது என்னவென்று எனக்கு இனிமேல் தெரியவே போவதில்லை.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அழுதேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, கோபமாக. பதில் சொல்லாமல் போனதற்கு.

கண்ணாடியைத் தட்டும் சத்தம். கேட்டுக்குப் புதிதாக வந்த காவலாளி. நம்ம ஆள்தான், என்னைத் தெரியாது.

"அக்கா, இங்க நிறுத்தக்கூடாது. லோரி உள்ள வரணும்."

"அஞ்சு நிமிஷம்."

"முடியாதுக்கா."

"அழுதுட்டிருக்கேன், தெரியல?"

"தெரியுது லா. காரை அந்தப் பக்கம் போட்டுட்டு அழுங்க."

"எடுக்க முடியாது" என்றேன்.

"எடுத்துத்தான் ஆகணும்" என்றான், என்னைவிடச் சத்தமாக.